சிற்றிதழ்களின் மறுமொழி மரபு

ஓர் இதழின் கருத்துக்கு மற்றோர் இதழ் தன் பக்கங்களில் மறுமொழி கூறுவது சிற்றிதழ் மரபாகும். கொல்கத்தாவில் 1924இல் தோன்றிய ‘சனிபாரேர் சிட்டி’, ‘கல்லோல்’ (1923) இதழைச் சார்ந்த புதிய எழுத்தாளர்தம் வரிகளை எடுத்துக்காட்டி எள்ளியது. ஜீவனானந்த தாசும் அதற்கு இலக்கானார். அவர்க்கு ஆதரவான குரல் டாக்காவிலிருந்து, புத்ததேவ போசின் ‘பிரகதி’ (1927) வழியே எழுந்தது. பிரகதியை மட்டும் பயில்வார்க்கு அதன் சினம் காரணமற்றதாகவே தோன்றும். எள்ளற்பொருட்டு எடுத்தாண்ட வரிகளே கவிஞரைப் புதிய வாசகரிடம் சேர்த்திருக்கக்கூடும் என்பதும் எண்ணத்தக்கது. தமிழில் ‘மணிக்கொடி’, ‘எழுத்து’ பற்றிய ஆய்வுகள் பெரிதும் தனித்தனி இதழாய்வுகளாகவே நிற்கின்றன. எதிர்த்தரப்பு இதழை உடன்வைத்து நோக்குவது குறைவு. அவ்வாறு நோக்க இரு தரப்பு இதழ்களும் ஓரிடத்தில் கிடைத்தல் வேண்டும். கொல்கத்தா டேமர் சந்தில் சந்தீப் தத்தா 1978இல் தம் இல்லத்திலேயே சிற்றிதழ் நூலகம் நிறுவினார்.