கடல்கோள்: இலக்கியச் சான்றும் அறிவியல் வழக்காடலும்

முன்னுரை

2004 டிசம்பர் 26 அன்று காலையில் சுமத்திரா தீவின் மேற்குக் கடற்பகுதியில் ஏற்பட்ட நிலநடுக்கத்தால் எழுந்த பேரலைகள், இரண்டு மணி நேரத்திற்குச் சற்று மேற்பட்ட பொழுதில் தமிழகக் கடற்கரையை அடைந்தன. தமிழகத்தில் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். அவர்களுள் 6,000க்கு மேற்பட்டோர் அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தினர். இப்பேரழிவைத் தொடர்ந்து 'கடல்கோள்' என்னும் பழஞ்சொல் மேடைகளிலும் இதழ்களிலும் புத்துயிர் பெற்றது. குமரிக்கண்டத்தை விழுங்கியது இத்தகைய சுனாமியே என்றும், சுனாமியைத் தமிழர் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தனர் என்றும், முச்சங்கச் செய்தியை அறிவியல் மெய்ப்பித்துவிட்டது என்றும் கருத்துகள் பெருகின. இவற்றுக்கு மறுதலையாக, கடல்கோள் பற்றி நூல்கள் கூறுவன யாவும் வெறுங்கற்பனை எனத் தள்ளுவோரும் உளர்.

இவ்விரு சாராரும் தம்முள் முரண்படுவதுபோலத் தோன்றினும், அடிப்படையில் ஒரே நெறியில் நிற்கின்றனர். இருவரும் இலக்கியத்தை நிலவியல் அறிக்கையாகவே படிக்கின்றனர். ஒருவர் அதனை மெய்யறிக்கை என்கிறார். மற்றவர் பொய்யறிக்கை என்கிறார். நூல்கள் எந்த வினாவிற்கு விடை கூறுகின்றன என்பதை இருவருமே கேட்பதில்லை. அவ்வினாவை எழுப்பி, கடல்கோள் பற்றிய இற்றைநாள் வழக்காடலை மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

'கோள்' என்பது 'கொள்' என்னும் வினையடியாகப் பிறந்த முதனிலை திரிந்த தொழிற்பெயர். கடல்கோள் எனின் கடல் கொண்டது என்பதே பொருள். எவ்வாறு கொண்டது, எத்துணைக் காலத்தில் கொண்டது என்பவற்றை இச்சொல் சுட்டுவதில்லை. ஆகவே, தம்முள் தொடர்பற்ற நான்கு நிகழ்வுகளை இவ்வொரு சொல்லுக்குள் அடக்கிவிட இயல்கிறது.

முதலாவது, கடலடி நிலநடுக்கம் முதலியவற்றால் எழும் சுனாமி. இது சில மணி நேர நிகழ்வு. ஏறிய நீர் பெரும்பாலும் மீண்டுவிடும். இரண்டாவது, புயலால் கடல் பொங்குதல். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்தது இதுவே, சுனாமி அன்று. மூன்றாவது, கடல்மட்டம் உயர்தல். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்னர், பனியூழியின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றுள்ளதைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அக்காலத்தில் தமிழகமும் இலங்கையும் நிலத்தால் இணைந்திருந்தன. பனி உருகியபோது கடல் பல்லாயிரம் ஆண்டுகளில் மெல்ல மெல்ல ஏறியது. நான்காவது, கண்டத்தட்டுகளின் பெயர்ச்சி. இதன் கால அளவு கோடி ஆண்டுகளாகும்.

மணி, நாள், ஆயிரம் ஆண்டு, கோடி ஆண்டு என இவற்றின் கால அளவுகள் வேறு வேறு. 2004க்குப் பிந்தைய வாதங்களில் பெரும்பாலானவை முதலாவதன் விரைவையும் மூன்றாவதன் நிலவிழப்பையும் நான்காவதன் பரப்பையும் ஒன்றாகக் கூட்டி ஒரே நிகழ்வாக்கிவிடுகின்றன. ஒரு காலைப்பொழுதில் ஒரு கண்டம் மூழ்கியது என்னும் கூற்று இவ்வாறு உருவானதே. இப்பிழை அறிவியல் அறியாமையால் மட்டும் விளைந்ததன்று. ஒரு சொல்லின் பொருட்பரப்பை வரையறுக்கத் தவறியதாலும் விளைந்தது.

நூல்கள் கூறுவன

கலித்தொகையின் முல்லைக்கலியில் (104) கடல் தன் நிலத்தை வவ்வியபோதும் சோராத பாண்டியன், சேர சோழரை வென்று அவர்தம் நிலத்தைக் கொண்டமை கூறப்படுகிறது. சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில், மாங்காட்டு மறையோன் பாண்டியனை வாழ்த்துமிடத்தில் பஃறுளியாறும் குமரிக்கோடும் கடலாற் கொள்ளப்பட்ட செய்தி இடம்பெறுகிறது. அங்கும் இழப்பினை அடுத்து, வடதிசைக் கங்கையும் இமயமும் கொண்ட வெற்றி பேசப்படுகிறது. இரு பாடல்களிலும் கடல்கோள் அரசனது ஆற்றலைச் சிறப்பிக்கும் பின்புலமாகவே நிற்கிறது. 'இழந்தபின் மன்னன் என் செய்தான்' என்பதே இவை விடையிறுக்கும் வினாவாகும்.

மணிமேகலை கூறும் கடல்கோள் வேறு வகையினது. மகனை இழந்த துயரில் சோழன் இந்திரவிழாவை மறந்தமையால் காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டது என்பது அக்காப்பியச் செய்தி. இங்கு விடை காணப்படும் வினா 'ஏன் நேர்ந்தது' என்பது. இறையனார் களவியலுரையோ தென்மதுரையும் கபாடபுரமும் கடல் கொள்ளப்பட்டதாகக் கூறி, மறைந்த நூல்களின் வரிசையையும் எஞ்சிய நூலின் பெருமையையும் நிறுவுகிறது. 'எவை அழிந்தன, எது எஞ்சியது' என்பது அதன் வினா.

அலை எத்திசையிலிருந்து வந்தது, நிலம் நடுங்கியதா, நீர் வடிந்ததா, எத்தனை நாள் நின்றது என்னும் வினாக்களுக்கு இவற்றுள் எதுவும் விடை கூறவில்லை. அது நூல்களின் குறையன்று. அவற்றின் நோக்கம் அதுவன்று. நூல் கேளாத வினாவிற்கு அதனிடமே விடை வாங்க முற்படுவது ஆய்வு ஆகாது.

எண்களின் அமைப்பு

களவியலுரையின் ஆண்டுக் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். முதற்சங்கம் 4,440 ஆண்டு. இடைச்சங்கம் 3,700 ஆண்டு. கடைச்சங்கம் 1,850 ஆண்டு. இம்மூன்றும் 370 என்னும் எண்ணின் மடங்குகள்: முறையே 12, 10, 5 மடங்குகள். வரலாற்றில் நிகழ்ந்த மூன்று காலப்பகுதிகள் தற்செயலாக இவ்வாறு ஒரே எண்ணால் வகுபடுதல் அரிது. ஓர் அமைப்புக் கருதிப் புனையப்பட்ட எண்களாகவே இவற்றைக் கொள்ளவேண்டியுள்ளது.

சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் தரும் நிலக்கணக்கும் இத்தகையதே. பஃறுளிக்கும் குமரிக்கும் இடையே 700 காவதப் பரப்பில் ஏழ்தெங்க நாடு, ஏழ்மதுரை நாடு எனத் தொடங்கி ஏழேழாக 49 நாடுகள் இருந்தன என்கிறார். காவதத்தைப் பத்து மைல் எனக் கொள்வோரின் கணக்குப்படி இது 7,000 மைலாகும். குமரிமுனையிலிருந்து தெற்கே அண்டார்க்டிகா வரையுள்ள தொலைவே இதனினும் குறைவு. எனவே இவ்வெண்ணை நில அளவையாகக் கொள்ளுதல் பொருந்தாது. ஏழு என்னும் எண்ணின் நிறைவைக்கொண்டு இழப்பின் பெருமையை உணர்த்தும் உரைமரபாகக் கொள்ளின், உரையாசிரியருக்கும் இழுக்கில்லை, படிப்போர்க்கும் குழப்பமில்லை.

இலெமூரியாவின் வருகை

1864இல் விலங்கியலறிஞர் பிலிப் ஸ்கிளேட்டர், மடகாஸ்கரின் லெமூர் இனங்களுக்கும் அவற்றையொத்த பிறநாட்டு உயிரினங்களுக்கும் உள்ள உறவை விளக்க, இந்தியப் பெருங்கடலில் ஒரு நிலப்பரப்பு இருந்திருக்கவேண்டும் எனக் கருதி அதற்கு இலெமூரியா எனப் பெயரிட்டார். அது அக்காலத்தில் நேரிய அறிவியற் கருதுகோளே. ஆல்பிரட் வெகனர் 1912இல் கண்டப்பெயர்ச்சிக் கொள்கையை முன்வைத்தார். 1960களில் கண்டத்தட்டுக் கொள்கை நிலைபெற்றபின் மூழ்கிய கண்டத்திற்குத் தேவையே இல்லாது போயிற்று. ஒன்றாயிருந்த நிலங்கள் பிரிந்து விலகின என்பதே விளக்கமாயிற்று.

இதற்கிடையில் இலெமூரியா தமிழ் அறிவுலகினுள் புகுந்து குமரிநாடாகவும் குமரிக்கண்டமாகவும் வேர்கொண்டது. இவ்வரலாற்றைச் சுமதி இராமசாமி தம் ஆங்கில நூலில் விரிவாக ஆய்ந்துள்ளார். நிலவியலறிஞர் சு.கி. ஜெயகரன் 'குமரி நிலநீட்சி' என்னும் நூலில், கண்டம் என்பதற்கு மாறாக, கடல்மட்ட உயர்வால் இழந்த கரையோர நிலம் என்னும் அளவில் இச்செய்தியை அணுகியுள்ளார். இவை வெளிவந்த பின்னரும் வாதத்தின் போக்கு மாறவில்லை. 2013இல் மொரீசியசுத் தீவின் மணலில் கிடைத்த தொன்மையான சிர்க்கான் படிகங்களைக் கொண்டு 'மொரீசியா' என்னும் பழைய கண்டத்துண்டு அப்பகுதியில் இருந்திருக்கலாம் என ஆய்வாளர் வெளியிட்டபோது, குமரிக்கண்டம் கண்டுபிடிக்கப்பட்டது என்றே அது தமிழில் பேசப்பட்டது. அத்துண்டு சிதைந்த காலம் ஆறு கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. இற்றை மனித இனத்தின் தொன்மையோ ஏறத்தாழ மூன்று இலட்சம் ஆண்டே. கேட்போர் இல்லாத நிலத்தில் சங்கம் இருத்தற்கு இடமில்லை.

அறிவியல் கைவிட்ட கருதுகோளை விடாது பற்றுவதும், அதே அறிவியலின் புதுக்கண்டுபிடிப்பைத் தமக்குச் சான்றாக அழைப்பதும் ஒருங்கே நிகழ்வது இவ்வழக்காடலின் இயல்பாகும். இங்கு அறிவியல் ஆய்வுநெறியாக மதிக்கப்படவில்லை. நற்சான்றிதழ் வழங்கும் அதிகாரியாகவே மதிக்கப்படுகிறது.

காரணம் காட்டும் வழக்கு

இயற்கைச் சீற்றத்திற்கு அறக்காரணம் காட்டுதல் மணிமேகலையோடு முடிந்துவிடவில்லை. 1934 ஜனவரி 15 அன்று பீகாரில் பெருநிலநடுக்கம் நிகழ்ந்தது. அப்போது தமிழகத்தில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்த காந்தியடிகள், திருநெல்வேலியில் பேசுகையில், தீண்டாமை என்னும் பாவத்திற்கு இறைவன் அளித்த தண்டனையாக அதனைக் கருதுவதாகக் கூறினார். தீண்டாமை ஒழிப்பில் அவருடன் ஒன்றுபட்டு நின்ற தாகூர் இவ்விளக்கத்தை ஏற்கவில்லை. இயற்கை நிகழ்வை அறநெறியோடு பிணைப்பது மக்களிடையே பகுத்தறிவின்மையை வளர்க்கும் என மறுத்தெழுதினார். அம்மறுப்பையும் தம் விடையையும் காந்தியடிகள் தம் 'ஹரிஜன்' இதழிலேயே வெளியிட்டார்.

இவ்விவாதம் ஈண்டு கருதத்தக்கது. இருவரும் ஒரே நோக்கினர். வேறுபாடு சான்று பற்றியது. நல்ல நோக்கத்திற்காகவும் பிழையான காரணத்தைப் பயன்படுத்தலாகாது என்பது தாகூரின் நிலைப்பாடாகக் கொள்ளத்தக்கது. தமிழின் தொன்மையை நிறுவுதல் என்னும் நோக்கத்திற்கும் இந்நெறி பொருந்தும். சங்கப் பாடல்களும் தமிழிக் கல்வெட்டுகளும் அகழாய்வுகளும் நிறுவும் தொன்மைக்கு மூழ்கிய கண்டத்தின் துணை வேண்டியதில்லை. வலுவற்ற சான்றை முன்னிறுத்துவதால் வலுவுள்ள சான்றுகளும் ஐயத்திற்கு இடமாகின்றன.

நினைவும் எச்சரிக்கையும்

2004ஆம் ஆண்டு நிலநடுக்க மையத்திற்கு மிக அணித்தாக உள்ள சிமெலுவே தீவில் ஏறத்தாழ 78,000 மக்கள் வாழ்ந்தனர். அவர்களுள் மாண்டோர் எழுவரே. 1907இல் அத்தீவு பேரலையால் அழிந்தது. அந்நினைவை 'ஸ்மோங்' என்னும் சொல்லாலும் கதையாலும் பாடலாலும் அம்மக்கள் தலைமுறைதோறும் காத்துவந்தனர். நிலம் நடுங்கி, கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடுக என்பது அதன் சாரம். அவ்வாய்மொழி மரபு பெருமை பேசவில்லை, செய்யவேண்டுவதைக் கூறிற்று.

தமிழகக் கரையில் நிலநடுக்கம் வலுவாக உணரப்படவில்லை. எனவே சிமெலுவேயோடு இதனை நேர் ஒப்பிடுதல் முற்றும் பொருந்தாது. எனினும் அலைகளுக்கிடையே பல இடங்களில் கடல் உள்வாங்கிற்று. அதன் பொருளை அறிந்தோர் மிகச் சிலரே. 1881 டிசம்பர் 31 அன்று நிக்கோபார்ப் பகுதி நிலநடுக்கத்தால் எழுந்த சுனாமி, நாகப்பட்டினத்தில் கடல்மட்டம் அளக்கும் கருவியில் ஒரு மீட்டருக்குச் சற்று மேற்பட்ட உயரத்தில் பதிவாகியுள்ளது. கடல் கொண்ட கண்டத்தைப் பற்றி நூற்றுக்கணக்கான பக்கங்கள் எழுதப்பட்ட ஒரு மொழியில், நாகப்பட்டினத்தின் இச்சிறு பதிவு பொதுநினைவில் இடம்பெறவே இல்லை.

மணிமேகலையிலும் கவனிக்கப்படாத பகுதி உண்டு. நகரைக் கடல் கொண்டபின் மாதவியும் சுதமதியும் அறவண அடிகளும் வேற்றூர் சேர்கின்றனர். கடலால் ஊரிழந்து இடம்பெயர்ந்தோரின் செய்தி அது. ஆண்டுக்கணக்கையும் காவதக்கணக்கையும் பற்றி ஓயாது வழக்கிட்ட ஆய்வுலகம், 2004க்குப் பிறகேனும் இப்பகுதியை இடப்பெயர்வு நோக்கில் படித்திருக்கவேண்டும். அவ்வாறே, வாடை, கொண்டல், சோழகம், கச்சான் எனக் காற்றைப் பெயரிட்டறிந்த மீனவர்களின் கடலறிவு நெய்தல் திணை ஆய்வுகளில் போதிய இடம் பெறவில்லை. கடலைப் பற்றிய தமிழரின் பட்டறிவு உயிரோடிருப்பது அவர்களிடத்தே ஆகும்.

முடிவுரை

கடல்கோள் பற்றிய நூற்செய்திகள் பொய்யல்ல. கரையோர நிலத்தை இழந்த தொன்னினைவு அவற்றுள் உறைந்திருத்தல் கூடும். ஆயின் அவை நிலப்படமும் அல்ல. அரசனின் ஆற்றல், அறத்தின் தவறு, நூல்களின் இழப்பு என்பவற்றைப் பேச அந்நினைவை அவை பயன்கொண்டன. அப்பயன்பாட்டை ஆராய்வது இலக்கிய ஆய்வாளர் கடன். நிலத்தின் வரலாற்றைக் கூறுவது நிலவியலார் கடன். ஒருவர் கடனை மற்றவர் மேற்கொள்ளும்போது இரண்டும் கெடுகின்றன.

ஐதராபாத்தில் 2007 முதல் இயங்கும் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் அலையின் வருகையைச் சில நிமிடங்களில் கணித்துரைக்கும். அவ்வெச்சரிக்கையைக் கேட்டவுடன் கரையோரச் சிற்றூரினர் மேட்டை நோக்கி நடக்கவேண்டுமாயின், கடல் பற்றிய நினைவு அவர்தம் மொழியில் உயிரோடிருத்தல் வேண்டும். மூழ்கிய கண்டத்தின் எல்லையை வரைவதில் செலவிட்ட உழைப்பில் ஒரு பகுதியையேனும், 2004ஐக் கண்டு உயிர்பிழைத்தோரின் வாய்மொழியைத் தொகுப்பதில் தமிழ்த்துறைகள் செலவிடுமாயின், 'கடல்கோள்' என்னும் சொல் இழப்பைக் குறிப்பதோடு நில்லாமல் எச்சரிக்கையாகவும் பயன்படும். அன்று கண்டோர் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றனர் என்பதால் இப்பணி காலம் தாழ்த்தத்தக்கதன்று.