ராகிக் குழியும் புளியமரமும்

தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம், பாப்பாரப்பட்டிப் பக்கம் பழைய ஓட்டு வீடு என்றால் எல்லோரும் திண்ணையைப் பார்ப்பார்கள். நான் ராகிக் குழியைத் தேடுவேன். வாசலிலோ களத்து ஓரத்திலோ இருக்கும். வாய் குறுகல், உள்ளே வயிறு அகலம். சுற்றிலும் வைக்கோல் கொடுத்து ராகியைக் கொட்டி, வாயைக் கல்லால் மூடி மண் பூசிவிடுவார்கள். ராகியைப் பூச்சி லேசில் அண்டாது. வருடக்கணக்கில் கெடாமல் கிடக்கும். வானம் பார்த்த பூமிக்கு அதுதான் பேங்க். திறந்த கையோடு இறங்கிவிடக் கூடாது, உள்ளே கெட்ட காற்று நிற்கும். விளக்கை இறக்கிப் பார்த்து, அணையாவிட்டால்தான் ஆள் இறங்கலாம்.

வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தின் கதை டிரங்குப் பெட்டியில், பத்திரங்களாக இருக்கும். 1792இல் இந்தப் பகுதி அடங்கிய பாராமகால் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் வயல் வயலாக அளந்தார்கள். நடுவில் ஜமீன்தார் இல்லாமல் குடியானவரிடமே வரி வாங்கும் ரயத்துவாரி முளைவிட்டது இங்கேதான். பழைய பத்திரங்களில் ‘சேலம் ஜில்லா’ என்றே இருக்கும், தருமபுரி தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2இல்.

பாகப்பிரிவினைப் பத்திரத்தில் எனக்குப் பிடித்தது புளியமரம் வரும் இடம்: நிலம் தம்பிக்கு, காய்ப்பில் பாதி அண்ணனுக்கு. பேச்சுவார்த்தை நின்றுபோனாலும் மாசி, பங்குனியில் புளி உலுக்க இரண்டு வீட்டாரும் வந்துதான் ஆகவேண்டும்.