திங்கட்கிழமைத் தீர்ப்பு

2015 மே 15 அன்று அமெரிக்கத் திரையரங்குகளில் இரண்டு பெரிய படங்கள் மோதின. ஒன்று, ஜார்ஜ் மில்லர் முப்பது ஆண்டு இடைவெளிக்குப் பிறகு எடுத்த நான்காவது மேட் மேக்ஸ் படமான ‘ஃப்யூரி ரோடு’. மற்றொன்று, கல்லூரிப் பெண்களின் பாட்டுக் குழுவைப் பற்றிய ‘பிட்ச் பெர்ஃபெக்ட் 2’. மூன்று நாள் முடிவில் பாட்டுப் படம் 6.92 கோடி டாலருடன் முதலிடம் பிடித்தது. மில்லரின் படம் 4.54 கோடியுடன் இரண்டாவதாக வந்தது. பாட்டுப் படத்தின் செலவு மூன்று கோடிக்கும் குறைவு, மில்லரின் படத்துக்குப் பதினைந்து கோடிக்கு மேல். திங்கட்கிழமைக் கணக்கை மட்டும் பார்த்தவர்களுக்கு ‘ஃப்யூரி ரோடு’ தோற்ற படம். ஒன்பது மாதம் கழித்து அதே படம் பத்து ஆஸ்கர் பரிந்துரைகளில் ஆறு விருதுகளை வென்றது. அந்த ஆண்டு வேறெந்தப் படமும் அத்தனை வாங்கவில்லை.

முதல் வார இறுதி வசூலை வைத்துப் படத்தை எடைபோடும் வழக்கம் எப்போதும் இருந்ததல்ல. 1975இல் ‘ஜாஸ்’ படத்தைத் தொலைக்காட்சி விளம்பரங்களோடு நானூறுக்கும் மேற்பட்ட தியேட்டர்களில் ஒரே நாளில் இறக்கியது பெரிய திருப்பமாக அமைந்தது. அதன்பிறகும் பழைய முறை உடனே சாகவில்லை. 1988இல் ‘டை ஹார்ட்’ முதலில் 21 தியேட்டர்களில்தான் வந்தது. அடுத்த வாரம்தான் நாடெங்கும் பரவியது. இன்று ஓர் ஆக்‌ஷன் படத்துக்கு அப்படி ஒரு வாரம் யாரும் தரமாட்டார்கள்.

இந்த வழக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை எத்தனை காட்சி ஒதுக்குவது என்று தியேட்டர்காரர் முடிவெடுத்தாக வேண்டும். பதினைந்து கோடி போட்ட ஸ்டுடியோவுக்குப் பணம் திரும்புமா என்று தெரிந்தாக வேண்டும். அதற்கு முதல் மூன்று நாள் வசூலைவிட நல்ல தடயம் கிடையாது. கோளாறு, அந்தத் தொகையைப் படத்தின் தரத்துக்குச் சான்றாக வாசிப்பதில்தான் இருக்கிறது. முதல் மூன்று நாள் வருகிறவர்களில் பெரும்பாலோர் படத்தைப் பற்றிப் பிறர் சொல்லிக் கேட்டு வந்தவர்கள் அல்ல. டிரெய்லரையும் நடிகரையும் முந்தைய பாகத்தையும் நம்பி வந்தவர்கள். ஆகவே அந்தத் தொகை விளம்பரத்தின் வெற்றியைச் சொல்லும். படத்தின் வெற்றியைப் பிந்தைய வாரங்கள் சொல்லும். ‘ஃப்யூரி ரோடு’ அமெரிக்காவில் கடைசியில் 15.4 கோடி டாலர் ஈட்டியது. அதாவது முதல் வார இறுதியைப்போல் மூன்று மடங்குக்கும் மேல்.

இதற்கு நேரெதிர், அதற்கு முந்தைய ஆண்டு மைக்கேல் பே எடுத்த ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்: ஏஜ் ஆஃப் எக்ஸ்டிங்ஷன்’. முதல் வார இறுதியில் பத்து கோடி டாலர் என்று ஸ்டுடியோ அறிவித்தது. அந்தக் கணக்கு சற்று ஊதப்பட்டது என்று போட்டி நிறுவனங்கள் அப்போதே சந்தேகப்பட்டன. வசூல் எண்ணே ஒரு விளம்பரமாகிவிட்ட காலம் இது. அந்தப் படம் அமெரிக்காவில் 24.5 கோடியோடு நின்றது. ஆனால் சீனாவில் அதைவிட அதிகமாக ஓடியது, உலக அளவில் 110 கோடியைத் தாண்டியது. இங்கே இன்னொரு விவரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: அமெரிக்க டிக்கெட் பணத்தில் ஏறத்தாழப் பாதி ஸ்டுடியோவுக்கு வரும், சீனாவில் வெளிநாட்டுப் படத்துக்கு அப்போது கிடைத்த பங்கு கால்வாசிதான். மொத்த வசூலைப் போட்டு முழங்கும் தலைப்புச் செய்திகள் இந்த வேறுபாட்டைச் சொல்வதே இல்லை.

விமர்சகர்கள் பக்கம் வந்தால் அங்கேயும் ஓர் எண் உட்கார்ந்திருக்கிறது. விமர்சனங்களைத் தொகுக்கும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் ‘ஃப்யூரி ரோடு’க்கு 97 விழுக்காடு, அந்த டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு 20க்கும் கீழே. இந்த முறையின் நன்மையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். செல்வாக்குள்ள இரண்டொரு நாளிதழ் விமர்சகர்கள் ஒரு படத்தின் தலையெழுத்தை எழுதிய நிலைமையை அது தளர்த்தியது. போஸ்டரில் ஒற்றைப் புகழ்ச்சி வாக்கியத்தை மட்டும் கத்தரித்து ஒட்டி ஏமாற்றுவதும் இன்று கடினம். ஆனால் அந்த விழுக்காடு எப்படி உருவாகிறது? ஒவ்வொரு விமர்சனமும் ‘பரவாயில்லை’ அல்லது ‘வேண்டாம்’ என்று இரண்டில் ஒன்றாகச் சுருக்கப்படுகிறது. நூறு பேர் மிதமாகப் பிடித்தது என்றாலும் நூறு விழுக்காடுதான். எத்தனை பேர் ஒத்துப்போனார்கள் என்பது தெரியும். எவ்வளவு பிடித்தது, எதனால் பிடித்தது என்பது காணாமல் போகும்.

முதல் நாள் வாசலில் பார்வையாளரிடம் கேட்டு மதிப்பெண் தரும் சினிமாஸ்கோர், பே படத்துக்கு ‘ஏ மைனஸ்’, மில்லர் படத்துக்கு ‘பி பிளஸ்’ கொடுத்தது. மக்களுக்கு ரசனை இல்லை என்று இதை வைத்துச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இயந்திரங்கள் மோதிக்கொள்வதைப் பார்க்க வந்தவர்களுக்கு அது கிடைத்தது. மேட் மேக்ஸைப் பார்க்க வந்தவர்களுக்குக் கிடைத்ததோ, ஃப்யூரியோசா என்ற பெண் ஓட்டிச் செல்லும் படம்.

அதைக் காட்டும் காட்சி ஒன்று உண்டு. நீலம் பாய்ந்த இரவு, சேற்றில் வண்டி திணறுகிறது, தேடுவிளக்கோடு எதிரி நெருங்குகிறான். மிச்சமிருப்பது சில தோட்டாக்கள். மேக்ஸ் சுடுகிறான், தவறுகிறது. மறுபடி சுடுகிறான், மறுபடி தவறுகிறது. கடைசித் தோட்டாவுக்குத் துப்பாக்கியைப் பின்னால் இருக்கும் ஃப்யூரியோசாவிடம் கொடுத்துவிட்டு அசையாமல் இருக்கிறான். அவன் தோளையே தாங்கலாக வைத்து, மூச்சு விடாதே என்று சொல்லிவிட்டு அவள் சுடுகிறாள். விளக்கு சிதறுகிறது. யாரும் யாரையும் பாராட்டவில்லை, அவனுக்கு மானம் போனதாகவும் படம் காட்டவில்லை. நாயகன் என்பவன் யார் என்று எண்பதுகளிலிருந்து ஆக்‌ஷன் படங்கள் சொல்லிவந்த பாடத்தை ஒரு நிமிடத்துக்குள் மாற்றி எழுதிய இடம் இது.

அதேபோல், இந்தப் படத்தில் சுமார் 2,700 வெட்டுகள் இருந்தும் ஏன் கண் சலிப்பதில்லை என்பது ஒரு விமர்சகர் விளக்க வேண்டிய விஷயம். ஒளிப்பதிவாளர் ஜான் சீல் முக்கியமான அசைவைத் திரையின் நடுவிலேயே வைத்துப் படம்பிடித்தார். 480 மணி நேரப் பதிவிலிருந்து மார்கரெட் சிக்ஸல் அதைத் தொகுத்தார். வெட்டு விழும்போதெல்லாம் கண் அலைய வேண்டியதில்லை. பேயின் ஷாட்டுகள் தனித்தனியே பிரமாண்டமானவை, அழகானவையும்கூட. அடுத்தடுத்து வைத்தால் யார் எங்கே நிற்கிறார் என்பது தெரியாது.

காரணத்தோடு எழுதப்பட்ட தவறான விமர்சனம்கூட, காரணமில்லாத சரியான விழுக்காட்டைவிட எனக்குப் பயன்படுகிறது. விமர்சகர் ரோஜர் ஈபர்ட் ‘டை ஹார்ட்’டுக்கு நான்கில் இரண்டு நட்சத்திரம்தான் கொடுத்தார். அந்தப் படம் 2017இல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்ந்துவிட்டது. ஆனாலும் முட்டாள்தனமே உருவான துணைக் காவல் தலைவர் பாத்திரம் படத்தின் பின்பாதியைக் கெடுக்கிறது என்ற அவருடைய புகாரோடு இன்றும் வாதாட முடியும். படத்தை மறுபடி பார்க்கும்போது அந்தப் பாத்திரம் வாய்திறக்கும் இடங்களில் ஈபர்ட் சொன்னதில் பாதியாவது சரி என்றே படுகிறது.

2024இல் அதே பெண்ணின் முன்கதையாக மில்லரின் ‘ஃப்யூரியோசா’ வந்தது. விமர்சகர்களில் பத்துக்கு ஒன்பது பேர் ஏற்றார்கள். முதல் மூன்று நாளில் 2.6 கோடி டாலர். 16.8 கோடி செலவிட்ட படம் உலகம் முழுக்க 17.4 கோடியோடு முடிந்தது. நஷ்டம் என்பதில் சந்தேகமில்லை. அந்த நஷ்டம் மில்லர் இனி எடுக்க விரும்பும் படத்தையும் பாதிக்கும் என்பதால் வசூலைத் துச்சமாகப் பேச முடியாது. ஆனால் அந்த வாரம் பேசப்படாமல் போன விஷயங்கள் பல. ஒரே துரத்தலாக ஓடிய முந்தைய படத்தை நினைத்து வந்தவர்கள், ஐந்து அத்தியாயங்களில் ஒருத்தியின் பதினைந்து ஆண்டுகளைச் சொல்லும் கதைக்குத் தயாராக இருந்தார்களா? ஃப்யூரியோசாவாக நடித்த அன்யா டெய்லர்-ஜாய் திரையில் வர ஏறத்தாழ ஒரு மணி நேரம் காத்திருக்க வைத்தது துணிச்சலா, கணக்குப் பிழையா? முந்தைய படத்தில் அதே பாத்திரத்தில் சார்லீஸ் தெரோன் ஒற்றைப் பார்வையில் சொல்லிவிட்ட கடந்த காலத்துக்கு இரண்டரை மணி நேர விளக்கம் தேவைப்பட்டதா? என் பார்வையில் முதல் இரண்டும் துணிச்சலின் பக்கம் சாய்கின்றன. மூன்றாவதில்தான் படத்தின் உண்மையான பலவீனம் இருக்கிறது.