குரோமுக்கு மேல் கறுப்பு: மறைப்பது வேறு, பழுதுபார்ப்பது வேறு

கார்க் கதவின் கண்ணாடி ஓரத்தில் ஓடும் குரோம் பட்டை, முன் கிரில், பின்கதவின் குறுக்குப் பட்டை ஆகியவற்றின் மேல் கறுப்பு வினைல் ஒட்டுவதை இந்தியாவிலும் இலங்கையிலும் வீட்டு வாசலிலேயே செய்துகொள்கிறார்கள். கருவிகளிலும் வேறுபாடில்லை: ஒரு சுருள் வினைல், கூரான பிளேடு, வினைலை அழுத்திப் படியவைக்கும் ஸ்க்வீஜி, ஹீட் கன் அல்லது ஹேர் டிரையர். ஒட்டும் காரணம்தான் வேறு. இந்தியாவில் பெரும்பாலும் ரசனை. இலங்கையில் பெரும்பாலும் தேவை. தேவைக்காகச் செய்வது நியாயம், ரசனைக்காகச் செய்வது வீண் செலவு என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் வினைலின் குணம் இந்த நியாயத்துக்குக் கட்டுப்படுவதில்லை. ரசனைக்காக ஒட்டிய இடத்தில் அது நின்று பிடிக்கிறது. தேவைக்காக ஒட்டிய இடத்தில்தான் பெரும்பாலும் காலை வாருகிறது.

இந்தியாவில் வெகுகாலம் குரோம்தான் வசதியின் அடையாளம். விலை கூடக்கூட வண்டியில் மினுக்கமும் கூடும். 2019-ல் டாடா ஹாரியரின் டார்க் எடிஷனும் 2022-ல் ஹூண்டாய் கிரெட்டாவின் நைட் எடிஷனும் வந்தபோது, குரோமைக் குறைத்துக் கறுப்பைக் கூட்டியதே தனிச்சிறப்பாக விற்கப்பட்டது. ஏற்கெனவே குரோமோடு வாங்கியவர்கள் அந்தத் தோற்றத்தைச் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ டெல்லி கரோல் பாக்கிலோ வாங்கிய வினைலில் தேடுகிறார்கள். இங்கே வண்டிக்கு அதிக வயதில்லை, குரோமில் சேதமில்லை. சட்டச் சிக்கலும் இல்லை என்றே சொல்லலாம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுப்பது வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றும் வேலைகளை. விளிம்புப் பட்டையின் நிறம் அந்தக் கணக்கில் சேராது.

இலங்கையின் கதை 2020 மார்ச்சில் தொடங்குகிறது. அந்நியச் செலாவணி நெருக்கடியில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பிப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. ஜப்பானில் ஒரு சுற்று ஓடிவிட்டு வந்த அக்வா, வெசல் போன்ற கார்கள் அந்த 5 ஆண்டுகளில் இன்னொரு சுற்று வயதாகிவிட்டன. திறந்த பிறகும் வரியோடு சேர்ந்த விலை பலருக்கு எட்டாதது. ஆகவே இருப்பதைக் காப்பாற்றியாக வேண்டும். காலியிலும் நீர்கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் உப்புக் காற்றுக்குக் குரோம் ஈடுகொடுப்பதில்லை. பஞ்சிகாவத்தை உதிரிபாகக் கடைகளில் பழைய பாகம் தேடினாலும், அதுவும் அதே வயதுக் குரோமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இப்படித்தான் வினைல் அலங்காரம் என்ற நிலையிலிருந்து வைத்தியம் என்ற நிலைக்கு வருகிறது.

வைத்தியமாக அது பலிக்காததற்குக் காரணம் குரோமின் அடியில் இருக்கிறது. கிரில் போன்ற பாகங்களில் உள்ளே இருப்பது பிளாஸ்டிக். அதன் மேல் செம்பு, நிக்கல் பூச்சுகள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மைக்ரானுக்கும் குறைவான குரோமியம். அதன் நுண்துளை வழியே உப்பு இறங்கி நிக்கலை அரிக்கும்போது மேலே புள்ளி விழும். பிறகு கொப்புளம் கிளம்பித் தோலாக உரியும். வினைலின் பசை பற்றுவது இந்தத் தோலைத்தான். தோல் கழன்றால் வினைலும் சேர்ந்து கழலும். வளைவில் இழுத்து ஒட்டிய வினைலுக்குப் பழைய அளவுக்குச் சுருங்கும் குணம் வேறு உண்டு. விலை மலிந்த காலண்டர் வகை வினைலில் அது அதிகம், காஸ்ட் வகை வினைலில் குறைவு. முதலில் கிளம்புவது கதவு மூலையில், ரப்பருக்கு அடியில் மடித்துச் செருகிய ஓரம்தான். அந்த இடுக்கில் உப்புநீர் புகுந்தால் எளிதில் காயாது. மூடி வைத்ததே அரிப்புக்கு வசதியாகிவிடும். பளபளக்கும் கறுப்பு வினைல் அடியிலுள்ள ஒவ்வொரு புள்ளியையும் மேலே காட்டிக்கொடுக்கும் என்பது தனித் தொல்லை.

சென்னைக்கும் தூத்துக்குடிக்கும் கடல் இல்லையா என்று கேட்கலாம். உண்டு, அங்கே ஓடும் 12 வயது வண்டிக்கும் இதே கதிதான். எனவே கோடு நாடுகளுக்கு இடையில் இல்லை, குரோமின் வயதில் இருக்கிறது. இலங்கையில் அந்த வயதைக் கூட்டியது இறக்குமதித் தடை. புதுப் பாகமும் மறுமுலாமும் கைக்கு எட்டாதவர் வேறு என்ன செய்வார் என்ற கேள்வி இதைவிடக் கனமானது. அவருக்கும் வழி உண்டு. கண்ணாடி ஓரப் பட்டை பெரும்பாலும் அலுமினியம் அல்லது துருப்பிடிக்காத எஃகு. அது வெளுத்து மங்கியிருந்தாலும் பரப்பு வழவழப்பாக இருந்தால் வினைல் தாராளமாகப் பிடிக்கும். கொப்புளம் கிளம்பிய கிரிலில், தளர்ந்த பூச்சைச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்துச் சமன்செய்து, பிரைமரும் பெயின்டும் அடிப்பதே மலிவு. அது நிலைக்கவும் செய்யும். நகத்தால் வருடிப் பார்த்து, தட்டாத இடத்தில் வினைல், தட்டும் இடத்தில் பெயின்ட் என்று பிரித்துக்கொண்டால் போதும். ஒட்ட வேண்டிய காரணம் எவ்வளவு நியாயமானாலும், பசைக்குத் தெரிவது அடியில் உள்ள பரப்பு மட்டுமே.