கருங்கல் கோட்டையும் கெலிங் மாப்பிள்ளையும்

ஜொகூர் ஆற்றின் மேற்பகுதியில், காட்டுக்குள் ஒரு கருங்கல் கோட்டை புதைந்து கிடப்பதாகச் சொல்வார்கள். பெயர் கோத்தா கெலாங்கி. 2005-இல் நாளிதழ்களில் அந்தச் செய்தி வந்தபோது, ‘நம்ம ராஜேந்திர சோழன் அடிச்ச கோட்டையாச்சே’ என்று நம்மவர்கள் மார்தட்டினார்கள். தேடிப்போன அரசுக் குழுவுக்குத் தடயம் எதுவும் கிடைக்கவில்லை என்று 2006-இல் அறிவிப்பு வந்தது. நம் மேடைகளில் மட்டும் சோழன் அந்தக் கோட்டையை இன்னும் அடித்துக்கொண்டே இருக்கிறான்.

மூலத்தை நாம் பாதியில் மூடிவைத்துவிட்டோம் என்பதே என் மனக்குறை. 1025-இல் நடந்த கடல்படையெடுப்பில் வீழ்ந்த ஊர்களைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு கடாரம்வரை வரிசையாகச் சொல்கிறது. அதில் கெலாங்கி கிடையாது. ஆற்றின் மேலிருந்த கருங்கல் கோட்டை வருவது ‘செஜாரா மெலாயு’வில். கெலிங் நாட்டு மன்னன் ராஜா சூலான் படையோடு வருகிறான். கோட்டையின் அரசனைக் கொல்கிறான். நமக்கு இதுவரை போதும். ஆனால் கதை மேலே போகிறது. இறந்தவனின் மகளையே அவன் மணக்கிறான். அந்த வம்சவழிதான் மலாக்கா சுல்தான்கள்வரை நீள்கிறது. அடிக்க வந்தவன் மாப்பிள்ளையாகி, கடைசியில் பாட்டனாகவும் ஆகிவிடுகிறான்.

இதை எழுதியது யார்? 1612-இல், ஜொகூர் அரசவையில், பெண்டஹாரா துன் ஸ்ரீ லானாங்கின் பெயரில் உருவான பனுவல் இது. மலாக்கா 1511-இல் போர்த்துகீசியரிடம் போயிற்று. இதே ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருந்த ஜொகூர் லாமா கோட்டையையும் அவர்கள் 1587-இல் அழித்தார்கள். கோத்தா திங்கி வட்டாரத்தில், செம்பனைத் தோட்டங்களைத் தாண்டிப் போனால் அதன் மண் அரண்களை இன்றும் பார்க்கலாம். சொந்தக் கோட்டை அழிந்து 25 ஆண்டு ஆன ஓர் அரசவை, இன்னொரு கோட்டையின் அழிவை வஞ்சமாக எழுதவில்லை; சம்பந்தமாக எழுதியிருக்கிறது. அந்தப் பனுவலின் பெருமை எனக்கு அங்கேதான் தெரிகிறது.

‘கெலிங்’ இன்று நம்மை இழிவாகச் சொல்லும் சொல். அங்கே அது மூதாதையின் நாட்டுப் பெயர். ‘நாங்க அடிச்சோம்’ என்று நாம் கொக்கரிக்கும்போது, ‘அப்போ நீங்க வெளியாளுதானே’ என்பவனுக்கு நாமே சாட்சி சொல்கிறோம். மலாய் மரபே நம்மை உறவு என்று எழுதிவைத்திருக்க, இது நமக்குத் தேவையா? தமிழ்ப்பள்ளிச் சுவரில் சோழன் படம் இருக்கட்டும். அந்த அத்தியாயத்தை ஒருதடவை முழுசாகப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுங்கள்.