இரைச்சலுக்குள் தேடப்படும் ரிசால்வின்கள்

அழற்சியைத் தணிக்கும் மூலக்கூறுகளாகப் போற்றப்படும் ரிசால்வின்கள் மனித இரத்தத்தில் அளக்கவே முடியாத அளவில்தான் தென்படுகின்றன என்று விமர்சகர்கள் சுட்டும்போதெல்லாம், அவை மிகக் குறைந்த செறிவிலேயே வினைபுரிந்து விரைவில் சிதைவதால் வேறு எப்படி இருக்க முடியும் என்ற விடை தயாராக நிற்கிறது. எந்த அளவீடு வந்தாலும் கோட்பாட்டைத் தோற்கவிடாத அந்த விடையை அறிவியல் விடையாக ஏற்பது கடினம்.

அழற்சி தானாக அடங்குவதில்லை, அதை முடித்துவைக்க உடலே கொழுப்பு அமிலங்களிலிருந்து தனி மூலக்கூறுகளை ஆக்குகிறது என்ற கருத்துக்கு மதிப்பு உண்டு. 1984-இல் செர்ஹான், ஹாம்பெர்க், சாமுவெல்சன் ஆகியோர் அராகிடானிக் அமிலத்திலிருந்து பிறக்கும் லிபாக்சின்களை அறிவித்தனர். மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 அமிலங்களிலிருந்து வரும் ரிசால்வின்கள் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் செர்ஹான் குழுவால் பாஸ்டனில் விவரிக்கப்பட்டன. ஆஸ்பிரின் காக்ஸ்-2 நொதியை முற்றாக முடக்காமல் அதன் வினையை இத்தகைய மூலக்கூறுகளின் முன்னோடிகள் பிறக்கும் திசைக்குத் திருப்புகிறது என்பது அழகான உயிர்வேதியியல்தான். ஆய்வகத்தில் தயாரித்த ரிசால்வினைச் செலுத்தினால் எலிகளில் அழற்சி குறைவதும் உண்மை. ஆனால் செலுத்திய பொருள் வேலை செய்வதைக் கொண்டு, உடலும் அதைத் தேவையான அளவில் ஆக்குகிறது என்று முடிவு செய்ய இயலாது.

சிக்கல் அளவீட்டில் இருக்கிறது. இரத்தத்தின் கூறுகளைத் திரவ நிறப்பிரிகையால் பிரித்து, நிறை நிறமாலைமானியால் இனங்காணும்போது, ஒவ்வொரு மூலக்கூறும் வரைபடத்தில் ஒரு முகடாகத் தோன்ற வேண்டும். கருவியின் இயல்பான அலைவுக்கு இரைச்சல் என்று பெயர். முகடு அந்த இரைச்சலைப்போல் மூன்று மடங்காவது உயர்ந்தால்தான் பொருள் இருக்கிறது என்றும், பொதுவாக ஐந்து முதல் பத்து மடங்கு உயர்ந்தால்தான் அதன் அளவைச் சொல்லலாம் என்றும் பகுப்பாய்வு வேதியியலில் நெடுங்கால வழக்கம் உண்டு. முடக்குவாத நோயாளிகளின் இரத்தத்தில் ரிசால்வின் முதலிய மூலக்கூறுகளை அளந்து, மருந்து யாருக்குப் பலிக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முயன்ற 2020-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று இவ்வழக்கத்தைக் கைவிட்டது என்று, வலேரி ஓ'டானல் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2023-இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் எழுதினர். முகடென்று ஏற்கத் தகாத மேடுகளின் பரப்பளவு எண்ணாக மாற்றப்பட்டு, அந்த எண்கள் இயந்திரக் கற்றல் நிரலுக்குள் சென்றுவிட்டால், பிறகு வரும் வண்ண வரைபடங்களில் இரைச்சலின் தடயமே மிஞ்சுவதில்லை. கணினி எதிலும் ஏதேனும் ஓர் ஒழுங்கைக் கண்டு தரும். அதற்குக் கூச்சம் கிடையாது.

முகடு தெளிவாக இருந்தாலும் ஐயம் தீர்வதில்லை. நொதி ஆக்கும் ரிசால்வின் டி1-இல் மூன்று ஹைட்ராக்சில் தொகுதிகளும் குறிப்பிட்ட முப்பரிமாண அமைப்பில் அமைகின்றன. நொதியின்றி ஆக்சிஜனேற்றம் நிகழும்போதோ அதே நிறையுள்ள பல மாற்றியங்கள் கலவையாகப் பிறக்கின்றன. இவற்றைப் பிரித்துக் காட்டாமல் நிறையையும் சில துண்டுகளையும் மட்டும் ஒப்பிட்டு ரிசால்வின் என்று பெயரிடுவது, அடையாளத்தை நிறுவாமல் அறிவிப்பதாகும். வலியையும் காய்ச்சலையும் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின்களின் வரலாறு இப்படி அமையவில்லை: ஆஸ்பிரின் அவற்றின் உற்பத்தியைத் தடுக்கிறது என்று ஜான் வேன் 1971-இல் காட்டினார், உற்பத்தி குறைவதை அளக்கவும் முடிந்தது, வலியும் காய்ச்சலும் தணிவதைக் காணவும் முடிந்தது. அத்தகைய சோதனை மனிதரில் ரிசால்வினுக்கு இதுவரை நிறைவாக நடந்ததாகச் சொல்ல முடியாது.

இதற்கிடையே ரிசால்வின்கள் அடங்கிய மூலக்கூறு குடும்பத்தின் பெயரைத் தாங்கிய துணையுணவு மாத்திரைகள் அமெரிக்கச் சந்தையில் விற்பனையாகின்றன. அவற்றுள் சிலவற்றில் முதன்மையாக அடங்குவது ரிசால்வின்கள் அல்ல, அவற்றின் முன்னோடிகளான ஒற்றை ஹைட்ராக்சில் அமிலங்கள். அவை வாங்கியவரின் உடலில் ரிசால்வினாக மாறினவா என்பதைக் காட்ட வேண்டிய முகடும் அதே இரைச்சல் கோட்டின் அருகில்தான் தேடப்படுகிறது.