பனிமனிதன்: ஒரு மஃப்ளர் மாற்றிய முடிவு

'தி ஸ்னோமேன்' (பனிமனிதன்) 1982-ல் பிரிட்டனில் வெளியான 26 நிமிட அசைவூட்டப் படம். ரேமண்ட் பிரிக்ஸ் 1978-ல் வெளியிட்ட, சொற்களே இல்லாத படநூலின் தழுவல். டயான் ஜாக்சன் இயக்கினார். ஹோவர்ட் பிளேக் இசையமைத்தார்.

சிறுவன் செய்த பனிமனிதன் நள்ளிரவில் உயிர் பெறுகிறான். இருவரும் வீட்டுக்குள் விளையாடுகிறார்கள், வானில் பறக்கிறார்கள். விடிந்ததும் பனிமனிதன் உருகிக் கிடக்கிறான். நூலும் படமும் இங்கேயே முடிகின்றன. ஆறுதல் சொல்ல எவரும் வருவதில்லை. பிரிக்ஸ் 1971-ல் பெற்றோர் இருவரையும் 1973-ல் மனைவியையும் இழந்தவர். அவருடைய நூலில் மரணம் அன்றாட நிகழ்வாக, அழுகையின்றி வருகிறது.

நூலின் சாயலைப் படம் கவனமாகக் காத்திருக்கிறது. பிரிக்ஸின் வண்ணப் பென்சில் கோடுகளின் சொரசொரப்பு ஒவ்வொரு சட்டகத்திலும் தெரிகிறது. உரையாடல் இல்லை, வானில் பறக்கும் காட்சியில் மட்டும் ஒரு பாடல் ஒலிக்கிறது.

கதையில் செய்யப்பட்ட மாற்றம் பெரியது. நூலில் பயணம் பிரைட்டன் கடற்கரையோடு முடிந்துவிடும். கிறிஸ்துமஸ் தாத்தா அதில் இல்லை. படத்திலோ இருவரும் வடதுருவம் வரை செல்கிறார்கள். அங்கே தாத்தா சிறுவனுக்கு ஒரு மஃப்ளர் பரிசளிக்கிறார். இதனால் எந்தக் குளிர்கால நாளிலும் நிகழக்கூடிய கதை பண்டிகைக் கதையாகிவிட்டது. பனிமனிதர்களின் கொண்டாட்டம் நீள்வதால், இருவருக்கு மட்டுமே உரிய அந்த இரவின் அந்தரங்கமும் குறைகிறது. இது படத்தின் குறைதான்.

ஆனால் அதே மஃப்ளர்தான் முடிவுக்கு வலுவூட்டுகிறது. நூலை மூடும் குழந்தை, நடந்ததெல்லாம் கனவு என்று எண்ணித் தேறிக்கொள்ளலாம். படத்தில் அந்த வழி அடைபடுகிறது. உருகிய பனியின் முன் நிற்கும் சிறுவன் தன் அங்கியின் பையில் கைவிடுகிறான், மஃப்ளர் இருக்கிறது. நடந்தது உண்மை என்றால் இழப்பும் உண்மை. ஆறுதலுக்காகச் சேர்த்ததுபோல் தோன்றும் பொருள் துயரத்தை உறுதிசெய்கிறது. கூடவே, அந்த நட்பு பொய்யல்ல என்றும் சொல்கிறது.

குழந்தைகளுக்கான படைப்புகள் பெரும்பாலும் இழந்ததைத் திருப்பித் தந்துவிடுகின்றன. இந்தப் படம் பனிமனிதனைத் திருப்பித் தரவில்லை. குழந்தையால் இந்தத் துயரத்தைத் தாங்க முடியும் என்று நம்பியதே இதன் சிறப்பு.